எட்டு நாள் காயாத துணி

வெளி மாநிலத்திலிருந்து வருகிறவர்களுக்குப் பெயர் வைப்பதில் அந்த ஊர்க்காரர்கள் மகா கெட்டிக்காரர்கள். வேறு எதில் கெட்டிக்காரர்கள் என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். வருஷத்தில் பத்து மாதம் மழை பெய்யும், மிச்ச இரண்டு மாதம் இதோ பெய்யப்போகிறேன் என்று பயமுறுத்திக்கொண்டு நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதை விட்டால் பொழுதுபோக வேறு வழி கிடையாது. தெருமுனையில் ஒரு புது முகம் தெரிந்தால் போதும், அது திரும்பிப் போவதற்குள் அதன் தலையில் ஒரு பெயரைக் கட்டிவிடுவார்கள்.

இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் 'எட்டிப்பாத்தான்'. பாலத்தில் காரை நிறுத்தி, பனிமூட்டத்துக்குள் ஆறு எங்கே இருக்கிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். ஆறு யார் கண்ணிலும் பட்டதில்லை. கடற்கரை மாநிலத்திலிருந்து வந்தவர்கள் 'உப்பு மூட்டை', நாலு தூறலுக்கே கடை வாசலில் ஒதுங்கி நிற்பதால். நில அளவை ஆபீசுக்கு மாற்றலாகி வந்த ஒருவர், பார்த்தவர்களை எல்லாம் "மழை எப்போ நிக்கும்?" என்று கேட்டுத் தொலைத்தார். பதினோரு வருஷம் கழித்து அவருக்கு நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர், "இப்போ நம்ம எப்போ-நிக்கும் சார் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் பேசினார். சிரிக்காமல் என்ன செய்வார் பாவம்.

வெயில் அடிக்கிற மாநிலங்களிலிருந்து குடிவருகிறவர்களுக்கு மொத்தமாக ஒரே பெயர்: 'கொடிக்கயிறு'. வந்த முதல் வாரமே மாடியில் கயிறு கட்டித் துணி காயப்போடுவார்கள். அந்த ஊரில் வெளியே போட்ட துணி காயாது என்பது பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எல்லோரும் துணியைப் பிழிந்து லாண்டரிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே சுவர் முழுக்க வெந்நீர்க் குழாய் ஓடுகிற சூட்டறை ஒன்று இருக்கிறது. அதில் அரை நாள் கிடந்தால்தான் துணி துணியாகும். புதிதாக வந்தவனிடம் இதைச் சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் யாரும் சொல்லக் கூடாது. அந்த விளையாட்டுக்கு இருக்கிற ஒரே விதி அதுதான். கயிறு கட்டியதும் தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை நாளில் அவனுக்குப் புத்தி வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். துணியை எடுக்கிற அன்றைக்குக் கைதட்டி, அவனுக்கென்று தனியாக ஒரு பெயரும் வைப்பார்கள்.

இதையெல்லாம் கேட்டால் சிரிப்பு வரும். அந்த லாண்டரியின் சூட்டறையில் வேலை பார்க்கிற ஒருத்திக்கு மட்டும் வராது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அவள் பெயர் 'எட்டு நாள்'.

முப்பது வருஷத்துக்கு முன்னால், தூரத்திலிருந்த அவளுடைய மாநிலத்துக்குப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தாள். வந்த மூன்றாம் நாள், கல்யாணத்துக்கு எடுத்த துணிமணிகளை எல்லாம் அலசி, மாடி வராந்தாவில் கயிறு கட்டிப் போட்டாள். மறுநாள் தொட்டுப் பார்த்தாள், சொட்டச் சொட்ட ஈரம். திருப்பிப் போட்டாள். அதற்கு மறுநாள் இன்னொரு தடவை பிழிந்து போட்டாள். எதிரில் மருந்துக்கடை, அதன் வாசலில் ஒரு பெஞ்சு, பெஞ்சில் எப்போதும் நாலைந்து பேர். மாடியை அண்ணாந்து பார்த்து மரியாதையாகச் சிரிப்பார்கள். நல்ல ஊர், நல்ல ஜனங்கள் என்று அவளும் பதிலுக்குச் சிரிப்பாள். எட்டாம் நாள் துணியெல்லாம் கரும்புள்ளி விழுந்து பூசணம் பூத்திருந்தது. அப்பா கடை கடையாக ஏறி இறங்கி எடுத்துக் கொடுத்த துணி. அதைச் சுருட்டி எடுத்தபோது, கீழே படபடவென்று கைதட்டல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். மொத்தத் தெருவும் நின்றுகொண்டிருந்தது. நடுவில் அவள் கணவரும் நின்றிருந்தார். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பெயர் வைத்தவர் மருந்துக்கடைக்காரர். அப்போது இளவட்டம், வாய் நீளம். இன்றைக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது, வாய் அப்படியேதான் இருக்கிறது.

அன்றிலிருந்து அவள் எட்டு நாள்தான். பிரசவத்துக்குப் போனபோது ஆஸ்பத்திரி நர்ஸ் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "டாக்டர், எட்டு நாளுக்கு வலி எடுத்திருச்சு. பேருக்கு ஏத்த மாதிரி எட்டு நாள் ஆக்கிடப்போகுது!" வலியில் துடிக்கிறவளைச் சுற்றி நாலு பேர் சிரித்தார்கள். லாண்டரியில் சேர்ந்தபோது, வெளி மாநிலத்துக்காரர்கள் கொடுக்கிற மூட்டையின் அட்டையில் ஒரு மூலையில் 'கொடி' என்று எழுத வேண்டும் என்றாள் மேற்பார்வைக்காரி. எதற்கு என்று கேட்டதற்கு, "சும்மாதான், தெரிஞ்சுக்கறதுக்கு" என்றாள். எதைத் தெரிந்துகொள்ள? அழுக்கு எல்லோர் துணியிலும் ஒரே அழுக்குதான். காலர் மடிப்பிலும் அக்குளிலும் இருக்கிறது. சட்டைப்பையைத் திருப்பிப் பார்த்தால் எல்லோர் பையிலும் அதே கசங்கிய டிக்கெட்டுதான். அன்றிலிருந்து இந்த ஊரின் உள்பாவாடையிலிருந்து தலையணை உறை வரைக்கும் காயவைத்து மடித்துக் கொடுக்கிறாள். ஊருக்குத் தெரியாத ஊர் ரகசியமெல்லாம் அவளுக்குத் தெரியும். அப்படியும் அவள் வெளியூர்க்காரி.

பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் சிரித்துவைத்தாள். சிரிக்காவிட்டால் 'கோவக்காரி' என்று அதற்கொரு பெயர் கூடுதலாகச் சேரும். சிரிப்பு உதட்டோடு சரி. உள்ளே போனதே இல்லை.

இப்போது மகன் கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறான். அவன் வேலை பார்த்த ஊரில் பழகிய பெண். நல்ல வெயில் அடிக்கிற மாநிலம். மாற்றல் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை இரண்டு பேரும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். அன்றைக்கே மருந்துக்கடைப் பெஞ்சு நிரம்பிவிட்டது. யாரோ கடையிலிருந்து இன்னும் இரண்டு நாற்காலிகளை வெளியே எடுத்துப் போடுவதை அவள் மாடியிலிருந்து பார்த்தாள்.  தனக்கு நடந்தது நடந்தது. இந்தப் பெண்ணின் தலையில் ஒன்றைக் கட்ட விடக் கூடாது என்று முடிவு செய்தாள்.

திங்கட்கிழமை அவளுக்குக் காலை ஆறு மணி ஷிப்டு. மகன் புது வேலையில் சேர அதற்கு முன்பே கிளம்பிவிட்டான். பயணக் களைப்பில் மருமகள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனசு வரவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவரிடம் போனாள். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றபின் அவருக்கும் அந்தப் பெஞ்சுதான் கதி.

"ஏங்க, அந்தப் பொண்ணு எந்திரிச்சதும் துணியை லாண்டரிக்குக் குடுத்தனுப்பச் சொல்லுங்க. கயிறு கியிறு கட்டிடப் போறா."

"சரி."

"சரின்னா சொல்வீங்களா?"

"சொல்றேன்டி. இதையே எத்தனை வாட்டி சொல்லுவே?"

பதினோரு மணி இருக்கும். சூட்டறையில் கம்பிகளில் தொங்கிய போர்வைகளை அவள் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த அறைக்குள் நுழைந்தால் வெளியே கொட்டுகிற மழை மறந்துபோகும். நெற்றி வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணைக் கரிக்கும். முன்கூடத்தில் துணி கொடுக்க வந்த தெருக்காரி ஒருத்தி உள்ளே தலையை நீட்டினாள்.

"எட்டு நாளக்கா! இங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க? உங்க மருமக கயிறு கட்டியாச்சு. உங்க வீட்டுக்காரர் முன் வரிசையில ஜம்முன்னு உக்காந்திருக்காரு!"

கையிலிருந்த போர்வையை அவள் அப்படியே போட்டாள். மேற்பார்வைக்காரி பின்னாலிருந்து என்னவோ கேட்டாள். இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு, குடைகூட எடுக்காமல் தெருவில் இறங்கினாள். எதற்கும் ஓடாதவள் அன்றைக்கு மழையில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

இந்தக் கோபத்துக்கு வெறும் துணியும் கைதட்டலும் காரணமில்லை. அதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது. அதை அவள் மகனிடம்கூடச் சொன்னதில்லை.

மகனுக்கு அப்போது இரண்டு வயது. தெருவில் மருந்துக்கடையில் மட்டும்தான் போன் இருந்தது. ஒரு நாள் தலைவலிக்கு மாத்திரை வாங்கப் போய் நின்றாள். போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கேட்டுவிட்டு, "அந்தப் பேருல இங்க யாரும் இல்லீங்களே" என்றார். வைத்துவிட்டு மாத்திரையை மடித்தார். மறுபடியும் அடித்தது. "அட, காலைலயிருந்து இது மூணாவது வாட்டிம்மா. அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல கிடையாது, போனை வைங்க" என்று எரிந்து விழுந்தார். யாரோ பாவம், யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே அவள் மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்து கேட்டது அவளுடைய பெயரைத்தான். ஊரில் அப்பா போய்விட்டார் என்று சொல்லத் தம்பி பதிவு செய்த ட்ரங்க் கால். தந்தி மூன்றாம் நாள் வந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வந்த சொந்தக்காரர்களும் கிளம்பியிருந்தார்கள். அப்பாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. திரும்பி வந்ததும் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டு விசாரித்தார். தந்திக்காரன் வீடு விசாரித்தபோது தந்தியில் பெயரைப் பார்த்திருப்பார் போலிருக்கிறது. "அட, உனக்கு இப்படி ஒரு பேரு இருக்கா தங்கச்சி! எனக்கு எப்படித் தெரியும் சொல்லு?" என்றார். அதோடு சரி. அவர்மேல் தப்பில்லை என்று கணவர் சொன்னார். தெருவும் அதையேதான் சொன்னது. யார்மேலும் தப்பில்லாமல் அவள் அப்பாவை இழந்தாள்.

தெருவுக்குள் திரும்பியபோது காட்சி அப்படியே இருந்தது. பெஞ்சும் நாற்காலிகளும் நிரம்பியிருந்தன. கையில் டீ டம்ளர்கள். முன்னால் கணவர், பக்கத்தில் மருந்துக்கடைக்காரர். மாடியில் புதுக் கயிறு, அதில் நாலைந்து துணி, மழைச்சாரல் அடித்து நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மருமகள் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷத்துக்கு முன்னால் தானும் இப்படித்தானே சிரித்தோம் என்று நினைத்தாள்.

"அதை எடும்மா!" என்று தெருவிலிருந்தே கத்தினாள். "எடுத்து உள்ள போடு! அது காயாது. இங்க எதுவும் காயாது. இவங்க எல்லாரும் உன்னைப் பாத்துத்தான் சிரிக்கிறாங்க!"

டீ டம்ளர்கள் பாதி வழியில் நின்றன. விதியை மீறி யாரும் அந்தத் தெருவில் சொன்னதில்லை. மருமகள் அவசரமாகப் படியிறங்கி வந்தாள்.

"அத்தை, எதுக்கு இப்படி நனைஞ்சுக்கிட்டு... காயாதுன்னு எனக்குத் தெரியும் அத்தை."

"தெரியுமா?"

"அவர் கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. கயிறு கட்டினா பேரு வச்சிருவாங்க, ஜாக்கிரதைன்னு. காலைல மாமாதான், தெருவே ஆசையா உக்காந்திருக்கு, ஒரு நாள் வெளையாட்டுக்குப் போட்டுக் காட்டும்மான்னாரு. பழைய துணிதான் போட்டிருக்கேன்."

 மகன் சொல்லியிருக்கிறான். யாரும் கேட்காமல், கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறான். அது அவ்வளவு சுலபமான காரியம். நிம்மதி வர வேண்டிய இடத்தில் கோபம் இரண்டு மடங்காகப் பொங்கியது. கணவர் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஏன் சொல்லல?"

"அதான் அவளுக்குத் தெரிஞ்சிருக்கே..."

"அவளுக்கு இல்ல. எனக்கு. எட்டு நாள் எம் பக்கத்துலதானே படுத்தீங்க? ஒரு நாளாவது காதோட சொல்லியிருக்கலாம்ல?"

அவர் திருதிருவென்று விழித்தார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பை வரவழைக்கப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் டம்ளரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ரெண்டாம் நாளே சொல்லலாம்னுதான் பெஞ்சுலயிருந்து கிளம்பினேன். இவங்க பாத்துட்டாங்க. சொன்னா எனக்குப் பேரு வச்சிருவோம்னாங்க."

"என்ன பேரு?"

"பொண்டாட்டி தாசன்னு."

அவளுக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "உங்களுக்கு வர வேண்டிய பேருக்குப் பயந்துக்கிட்டு எனக்கு ஒண்ண வாங்கிக் குடுத்தீங்களா?" என்றாள். "நீங்க பயந்த அந்த நாலு பேருல ரெண்டு பேரு செத்தே போயிட்டாங்க. இன்னும் யாருக்குங்க பயந்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

 நிலைமை கெட்டுப்போகிறது என்று மருந்துக்கடைக்காரர் எழுந்தார். தெருவில் எது கெட்டாலும் ஒரு ஜோக்கால் ஒட்டப் பார்க்கிறவர் அவர்.

"விடு எட்டு நாளு, புது மருமக முன்னாடி சண்டை எதுக்கு? ஒரு ராசியைப் பாத்தீங்களா? மாமியார் எட்டு நாளு. மருமக அரை நாளு! அரை நாளுன்னே வச்சிடுவோம், என்னப்பா?"

பெஞ்சு கொல்லென்று சிரித்தது. மருமகளும் சிரித்துவிட்டாள். நல்ல பெண், வந்த இடத்தில் முகம் சுளிக்கக் கூடாது என்று நினைக்கிறவள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் அவள் முப்பது வருஷமாக அடக்கி வைத்திருந்ததை எல்லாம் கொட்டினாள்.

"சிரிக்காதம்மா. நானும் இப்படித்தான் சிரிச்சேன். இந்த அண்ணன் கடையில நான் மாத்திரை வாங்கிக்கிட்டு நிக்கிறேன், எங்கப்பா செத்துட்டாருன்னு எனக்கு போன் வருது. அந்தப் பேருல இங்க யாருமே இல்லேன்னு சொல்லி இவரு வச்சுட்டாரு. ஒரு வாட்டி இல்ல, மூணு வாட்டி. நானும் அதைக் கேட்டுக்கிட்டே நிக்கிறேன். எங்கப்பா மொகத்தை நான் பாக்கல. அன்னிக்கும் ஊருக்கு நான் எட்டு நாள்தான். இன்னிக்கும் அதுதான்."

யாரும் சிரிக்கவில்லை. மருமகளின் முகம் வெளிறிப்போனது. படியேறிப் போய்க் கயிற்றை அவிழ்த்தாள். துணியெல்லாம் சுருண்டு அவள் கையில் வந்தது. கீழே ஒரு கை தட்டவில்லை.

"அது பழைய கதை தங்கச்சி," என்றார் மருந்துக்கடைக்காரர். குரல் இறங்கியிருந்தது. "இப்போதான் எல்லார் கையிலயும் போன் இருக்கே. அந்த மாதிரி இனிமே நடக்குமா?"

"உங்க கையிலயும் இருக்குல்ல? எனக்கு சுகர் மாத்திரை வந்தா கூப்பிடறீங்கல்ல? என் நம்பரை எடுங்க. என்ன பேருல போட்டிருக்கீங்கன்னு எல்லாருக்கும் காட்டுங்க."

அவர் எடுக்கவில்லை. எடுத்துக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை. பெஞ்சில் இருந்த மற்றவர்களும் தங்கள் சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். கணவர் கையும் தன் பையைத் தொட்டதை அவள் பார்த்துவிட்டாள். அது அவளுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகச் சுட்டது. ஆனால் அந்தக் கணக்கை வீட்டுக்குள் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

"எடுங்கண்ணே," என்றாள் மறுபடியும். "முதல்ல அவ பேரைப் போடுங்க. அவளுக்கு அம்மா அப்பா இருக்காங்க."

மருமகள் துணிமூட்டையோடு கீழே வந்து நின்றாள். மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். "உன் பேரு என்னம்மா?" என்று கேட்டார். முப்பது வருஷத்தில் புதிதாக வந்த ஒருவரிடம் அவர் அதைக் கேட்டு அந்தத் தெரு பார்த்ததில்லை. அவள் சொன்னாள், நம்பரும் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார்.

"இப்போ என்னுது."

அவர் தேடி எடுத்தார். 'எட்டு நாள்' என்று இருந்ததை விரலால் ஒவ்வொன்றாக அழித்தார். கட்டம் காலியானது. விரல் அதன்மேல் அப்படியே நின்றது. அந்தத் தந்தியில் ஒரு தடவை பார்த்த பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. அவளைத் தினமும் காலையும் மாலையும் பார்க்கிற மனுஷர், காது மடல் சிவக்க, தலையை நிமிர்த்தாமல் நின்றார். பெஞ்சில் இருந்தவர்களை ஓரக்கண்ணால் பார்த்தார். அவர்களுக்கும் தெரியவில்லை. கணவர் மட்டும் சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைக் கை காட்டி நிறுத்தினாள்.

"கேளுங்க," என்றாள்.